வாங்கிய வீட்டுக்கு ரிப்பேர்ச் செலவு யார் தருவது?

பழைய கட்டடத்தில் அறை வாங்கும் மும்பைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மழைக்காலம் நெருங்கினால் மும்பையில் பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் கெட்டுவிடும். நள்ளிரவில் 'பொத்'தென்று காரை விழும் சத்தம் கேட்டால் போதும், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து விளக்கைப் போட்டு, அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். விழுந்தது காரைதானா, அதற்கு மேலே இருப்பதும் விழுமா என்ற பயம்தான்!

வடாலாவில் இப்படி ஒரு மூன்று மாடிக் கட்டடம். 1940-க்கு முன்பு கட்டியது. மர உத்திரங்கள், மரப்படி, மாடிக்கு மாடி பொதுக் கழிவறை. அதன் இரண்டாம் மாடியில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் ஓர் அறை வாங்கிக் குடிவந்தார். கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

அதுவரை அவர் குடியிருந்ததெல்லாம் 'லீவ் அண்டு லைசென்ஸ்' வீடுகள்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும். சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீடு தேட வேண்டும். 'நமக்கென்று ஒரு கூரை வேண்டும்' என்று முடிவு செய்தார். ஊரில் பங்காக வந்த நிலம் போயிற்று. மனைவியின் நகை போயிற்று. ஆபீஸ் கடன் சங்கத்திலும் கை நீட்டினார்.

வெள்ளையடிக்க வந்த கொத்தனார் கூரையைச் சுரண்டினார். ஒரு பக்கத்துக் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஏணியில் ஏறி உத்திரத்தை விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று!

"சார், இதுக்கு வெள்ளையடிச்சுப் பிரயோசனம் இல்லே. உத்திரம் சுவருக்குள்ளே உக்கிப்போயிருக்கு. இதிலே நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார்.

"என்னங்க, இருந்ததை எல்லாம் வித்து இந்த ஓட்டையையா வாங்கினோம்?" என்றார் மனைவி. குமாஸ்தாவிடம் பதில் இல்லை.

உத்திரம் மாற்ற ஆகும் செலவைக் கேட்டார், மயக்கம் வந்தது. கட்டடச் சொந்தக்காரரிடம் போனார். "மொத்தக் கட்டடத்து வாடகையும் சேர்ந்தால் கொத்தனார் கூலிக்குக்கூட வராது" என்று அவர் கையை விரித்தார். மாநகராட்சிக்குப் போய்ப் பணம் கேட்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வார்டு அலுவலகத்தில், "தனியார் கட்டடத்தைப் பழுதுபார்க்க நாங்கள் பணம் கொடுப்பதில்லை. உங்கள் கட்டடம் செஸ் கட்டடமா? அப்படியானால் ரிப்பேர் போர்டுக்குப் போங்கள்" என்றார்கள்.

செஸ் கட்டடம் என்றால் என்ன? ரிப்பேர் போர்டு என்றால் என்ன? வாங்கும்போது அவர் கேட்டிராத சொற்கள் இவை. கேட்டிருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

வாங்கியது வீடா, வாடகை உரிமையா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய பழைய கட்டடங்களில் நாம் 'வாங்கியது' பெரும்பாலும் வீடு அல்ல. 'பகடி' கொடுத்து வாடகை உரிமையைத்தான் வாங்குகிறோம். சுவரும் கூரையும் நிலமும் சொந்தக்காரருடையவை. பழைய குடித்தனக்காரர் தம் உரிமையை நமக்கு மாற்றித் தருகிறார். சொந்தக்காரர் அதற்குச் சம்மதித்து, பகடித் தொகையில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு, ரசீதை நம் பெயருக்கு மாற்றுகிறார். மூன்றில் ஒரு பங்கு சொந்தக்காரருக்கு என்பது பல இடங்களில் வழக்கம்.

ஒரு காலத்தில் பகடி வாங்குவது குற்றமாக இருந்தது. 31-3-2000 அன்று நடைமுறைக்கு வந்த 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. ஆகவே பகடிக்கு ரசீது கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு குடியிருப்பவர்களுக்கு ஓர் உரிமை கொடுக்கிறது. கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை. அவர் செய்யாவிட்டால் நோட்டீஸ் அனுப்பலாம். பதினைந்து நாளில் வேலை நடக்காவிட்டால், குடியிருப்பவர்களே செய்துகொண்டு, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டில் கழிக்கக்கூடிய தொகை, அந்த ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மாத வாடகை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,400 ரூபாய். அதில் கால் பங்கு 600 ரூபாய்! குழாய் மாற்றலாம், உத்திரம் மாற்ற முடியுமா?

போர்டு பிறந்த கதை

வாடகை ஏன் இவ்வளவு குறைவு? 1947-ம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், 1-9-1940 அன்று இருந்த வாடகையை அடிப்படையாக வைத்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஏழை எளியவர்கள் நகரத்தில் தங்க முடிந்தது அதனால்தான். மாட்டுங்காவிலும் சயானிலும் வடாலாவிலும் சம்பளக்காரத் தமிழர்கள் காலூன்றி நிற்பதற்கும் அது ஒரு காரணம். ஆனால் விலைவாசி ஏற ஏற, வாடகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கட்டடத்தைப் பராமரிக்கச் சொந்தக்காரர்களுக்கு மனம் இல்லாமல் போயிற்று. பலருக்குப் பணமும் இல்லை. மழைக்காலங்களில் கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

இதற்குப் பரிகாரமாக 1969-ல் மாநில அரசு ஒரு சட்டம் செய்தது. பழைய வாடகைக் கட்டடங்கள் மீது 'செஸ்' என்ற தனி வரி விதித்து, அந்தப் பணத்தோடு அரசும் மாநகராட்சியும் தரும் நிதியைச் சேர்த்து, கட்டடங்களைப் பழுதுபார்க்க ஒரு போர்டு அமைந்தது. பிறகு 1976-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் போர்டு 'மகாடா' என்னும் வீட்டுவசதி ஆணையத்தின் கீழ் வந்தது. செஸ்ஸைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிப்பது மாநகராட்சி. பழுதுபார்ப்பது போர்டு.

தொடக்கத்தில் செஸ் கட்டடங்கள் 19,642. இடிந்தவை, இடித்துக் கட்டியவை போக, இன்று சுமார் 13,000 இருக்கின்றன.

இந்தச் செஸ்ஸில் ஒரு பங்கு குடியிருப்பவர்களிடமிருந்தும் வசூலாகிறது. ஆகவே போர்டின் உதவியைக் கேட்பது தர்மம் கேட்பது ஆகாது. செலுத்திய வரிக்கு உரிய வேலையைக் கேட்பதுதான்.

எந்தக் கட்டடத்துக்கு உண்டு?

கொலாபாவிலிருந்து மேற்கே மாகிம் வரை, கிழக்கே சயான் வரை உள்ள பழைய நகரப் பகுதிக்கு மட்டுமே இந்தத் திட்டம். குர்லா, செம்பூர், காட்கோபர், முலுண்டு, அந்தேரி பக்கத்துக் கட்டடங்களுக்குக் கிடையாது. தாராவிக் குடிசைப் பகுதிக்கு வேறு சட்டம்.

செஸ் கட்டடங்கள் மூன்று வகை. 1-9-1940-க்கு முன்பு கட்டியவை 'ஏ' வகை. அன்று முதல் 31-12-1950 வரை கட்டியவை 'பி' வகை. 1-1-1951 முதல் 30-9-1969 வரை கட்டியவை 'சி' வகை. அரசுக் கட்டடங்கள், மாநகராட்சிக் கட்டடங்கள், உறுப்பினர்களே குடியிருக்கும் கூட்டுறவு சொசைட்டிக் கட்டடங்கள் இதில் சேராது.

நம் கட்டடம் செஸ் கட்டடமா என்று எப்படி அறிவது? சொத்து வரிப் பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். சொந்தக்காரர் பில்லைக் காட்டாவிட்டால் போர்டின் வட்டார அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாட்டுங்கா, சயான், வடாலா பகுதிகள் எஃப் வடக்கு வார்டைச் சேர்ந்தவை. மாகிம், தாதர் பகுதிகள் ஜி வடக்கு வார்டு.

எதற்குப் பணம், எதற்கு இல்லை?

போர்டு பணத்தை நம் கையில் கொடுப்பதில்லை. தானே கான்டிராக்டர் வைத்து வேலையைச் செய்து தருகிறது. அதுவும் கட்டடத்தைத் தாங்கும் பகுதிகளுக்கு மட்டும்தான். உத்திரம், தூண், தளம், சுமை தாங்கும் சுவர், மாடிப்படி, கூரை, பொதுக் கழிவறை போன்றவை இதில் அடங்கும். அறைக்குள் தரை ஓடு, வர்ணம், சமையல் மேடை, அலமாரி எல்லாம் நம் செலவு.

புதிதாக வந்தவர் என்பதற்காக உதவியை மறுப்பதில்லை. உதவி கட்டடத்துக்கு, ஆளுக்கு அல்ல. அதே காரணத்தால், ஓர் அறைக்காரர் மட்டும் தனியாகப் போய் 'என் அறையைச் சரிசெய்து தாருங்கள்' என்று கேட்பதைவிட, குடியிருப்பவர்கள் பலர் சேர்ந்து கேட்டால் காரியம் எளிதாக நடக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைப் பல முறை உயர்த்தியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் அது எவ்வளவு என்று வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். என்ஜினீயர் போடும் மதிப்பீடு அதற்குள் அடங்கினால் வேலை நடக்கும். மீறினால், மேற்கொண்டு ஆகும் தொகையைக் குடியிருப்பவர்களோ சொந்தக்காரரோ ஏற்க வேண்டும். இல்லாவிட்டால், கட்டடம் பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று முடிவு செய்து, இடித்துக் கட்டும் வழியைப் பார்ப்பார்கள். எனவே காலம் தாழ்த்தத் தாழ்த்த உதவி கைநழுவிப் போகும். சிறிய விரிசலில் கேட்டால் கிடைப்பது, பெரிய விரிசலில் கிடைக்காமல் போகலாம்.

கையெழுத்துக்கு அலைந்த கதை

இந்த விவரங்களை எல்லாம் தெரிந்துகொண்டு வடாலாக் குமாஸ்தா ஒரு விண்ணப்பம் எழுதினார். மாலையில் ஆபீஸ் விட்டு வந்ததும் கதவு கதவாகத் தட்டினார். கட்டடத்தில் 24 குடித்தனம். மராத்திக்காரர், குஜராத்திக்காரர், கொங்கணி, தமிழர் என்று எல்லோரும் உண்டு. 'நேற்று வந்தவர் நமக்கு வழி சொல்கிறாரா?' என்று சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன.

மூன்றாம் மாடியில் நாற்பது ஆண்டாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர். அவரும் நெல்லைக்காரர்தான். அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். அவரோ மறுத்துவிட்டார்.

"ரிப்பேர் பண்ணிட்டா பில்டர் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான் தம்பி. இது இப்படியே கிடந்தாத்தான் இடிச்சுக் கட்டுவாங்க. எனக்கும் தனிக் கக்கூஸ் வச்ச வீடு கிடைக்கும்" என்றார்.

"பில்டர் வர்றதுக்கு முன்னாலே மழை வந்துருமே அண்ணாச்சி" என்றார் குமாஸ்தா.

பெரியவரின் ஆசையில் தவறு இல்லை. செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டினால் குடியிருப்பவருக்குக் குறைந்தது 300 சதுர அடி வீடு இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பத்துக்குப் பத்து அறையில் காலம் தள்ளியவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் ரிப்பேர் செய்ததனால் ஒரு கட்டடம் செஸ் கட்டடம் என்ற நிலையை இழந்துவிடுவதில்லை. பின்னால் இடித்துக் கட்டும் உரிமையும் போய்விடாது. அதுவரை அதில் உயிரோடு இருக்க வேண்டுமே!

31-8-2017 அன்று பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டார்கள். அந்த வட்டாரம் முழுவதையும் புதுப்பித்துக் கட்டும் திட்டத்தில் அந்தக் கட்டடமும் இருந்தது. புதுக் கட்டடம் வரும் என்று காத்திருந்த வேளையில்தான் பழைய கட்டடம் விழுந்தது.

இதைக் குமாஸ்தா எடுத்துச் சொன்னார். பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் மாடிப்படியில் நிறுத்தி, "அந்தக் காகிதத்தைக் கொடு தம்பி" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்தில் 17 கையெழுத்து சேர்ந்துவிட்டது.

ஊன்றுகோல் நட்ட வீடு

விண்ணப்பத்தோடு வாடகை ரசீது நகல்கள், சொத்து வரிப் பில், மின்சாரப் பில், விரிசல்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தார்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டார்கள். இந்த முத்திரை மிகவும் முக்கியம். பின்னால் எப்போது கேட்டாலும் அதுதான் ஆதாரம்.

என்ஜினீயர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். அதற்குள் மழை வந்துவிடும் என்பதால், முதலில் இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலுமாக மூன்று அறைகளில் இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். குமாஸ்தாவின் அறையில் நட்டநடுவில் இரண்டு முட்டு. அந்த மழைக்காலம் முழுவதும் அவர்கள் சாப்பிட்டதும் தூங்கியதும் அவற்றைச் சுற்றித்தான். வந்த உறவினர்கள் சிரித்தார்கள். ஆனால் உத்திரம் இறங்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு வேலை தொடங்கியது. உக்கிய மர உத்திரங்களை எடுத்துவிட்டு இரும்பு உத்திரம் போட்டார்கள். மாடிப்படிக்கும் கழிவறைக்கும் புதுத் தளம் வந்தது. போர்டின் செலவு அதோடு முடிந்தது. வெள்ளையடித்ததும் தரை ஓடு போட்டதும் குமாஸ்தாவின் போனஸ் பணத்தில்.

காலி செய்யச் சொன்னால்...

எல்லாக் கட்டடங்களுக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது. சிலவற்றைக் காலி செய்யத்தான் வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் போர்டு ஆய்வு செய்து, மிக அபாயமான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. மாநகராட்சியும் 354-வது பிரிவின்கீழ் நோட்டீஸ் தரும். அதில் 'சி-1' என்று இருந்தால் உடனே காலி செய்து இடிக்க வேண்டிய கட்டடம். 'சி-2' என்றால் பெரிய ரிப்பேர் தேவை. 'சி-3' சிறிய ரிப்பேர்.

காலி செய்தால் சயான் பிரதீட்சா நகர், ஆண்டாப் ஹில் போன்ற இடங்களில் உள்ள டிரான்சிட் கேம்ப்களில் இடம் தருவார்கள். இங்கேதான் பலருக்குப் பயம். தற்காலிகம் என்று போனவர்களில் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. அந்தப் பயத்தால் சி-1 நோட்டீஸ் ஒட்டிய பிறகும் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். அது கூடாது. வெளியேறுவதால் உரிமை போய்விடாது. ஆனால் காகிதம் இல்லாமல் வெளியேறக்கூடாது. குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலில் நம் பெயரும், அறையின் சரியான அளவும் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் நான்கு கேள்வி

பழைய கட்டடத்தில் அறை வாங்க எண்ணுபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: இது செஸ் கட்டடமா, எந்த வகை? இரண்டு: 354 நோட்டீஸ் வந்திருக்கிறதா? அபாயப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? மூன்று: சொந்தக்காரர் எழுத்து மூலம் சம்மதித்து, ரசீதை நம் பெயருக்கு மாற்றித் தருவாரா? 'ரசீது பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிட வேண்டும்.

நான்காவதுதான் பலர் ஏமாறும் இடம். 13-6-1996-க்குப் பிறகு புதிதாக உண்டாக்கிய குடித்தனங்களை, கட்டடத்தை இடித்துக் கட்டும்போது கணக்கில் எடுப்பதில்லை. பழைய குடித்தனத்தை நாம் மாற்றி வாங்கலாம், அது செல்லும். ஆனால் பெரிய அறையின் நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கி விற்றிருந்தால், அந்தப் பாதி அறைக்குத் தனி வீடு கிடைக்காது. அறையின் பழைய ரசீது எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குடிவந்த பிறகும் எச்சரிக்கை தேவை. குளியலறை கட்டுகிறேன், பரண் வைக்கிறேன் என்று சுவரை உடைப்பவர்கள் உண்டு. பழைய கட்டடத்தில் சுவர்தான் சுமை தாங்குகிறது. நம் வசதிக்காக உடைத்த சுவர் மேல் மாடிக்காரரின் தலைக்கு ஆபத்தாகும்.

செஸ் இல்லாத சொசைட்டி வீடு வாங்கியவர்களுக்குப் போர்டு இல்லை, சொசைட்டிதான் துணை. மொட்டை மாடி ஒழுகினால் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. ரிப்பேர் நிதிக்கும், பெரிய வேலைகளுக்கான 'சிங்கிங் ஃபண்டு'க்கும் ஆண்டுதோறும் பணம் வசூலிக்க மாதிரித் துணை விதிகளில் இடம் உண்டு. வாங்கும் முன் அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பணம் இல்லாத சொசைட்டியில் பழைய வீடு வாங்கினால், அடுத்த ரிப்பேருக்கு நம் பங்கு கையிலிருந்துதான் போகும்.

ஆபத்து என்று தெரிந்தால் எந்த விண்ணப்பத்துக்கும் காத்திருக்க வேண்டாம். கதவு திடீரென்று இறுகினாலும், சுவர் விரிசல் நாளுக்கு நாள் அகன்றாலும், உத்திரத்திலிருந்து மண் உதிர்ந்தாலும் உடனே வெளியே வந்து மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வடாலாக் குமாஸ்தா தம் பெயருக்கு மாறிய ரசீதையும், முத்திரை போட்ட விண்ணப்ப நகலையும், என்ஜினீயரின் மதிப்பீட்டு நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மூன்றாம் மாடிப் பெரியவர் அதை வாங்கிப் போய்த் தமக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டார்.